திறந்த நூலும் மூடிய விதியும்

திருகோணமலைத் துறைமுகத்தின் வாய் திறந்தே கிடக்கின்றது. எனினும், திறந்திருக்கின்றது என்பதற்காக எந்தக் கலமும் நினைத்தவாறு உட்புகுவதில்லை. வெளிச்சவீடும் மிதவையும் குறித்துக் காட்டும் வழியே கலங்கள் வருகின்றன. வழி குறிக்கப்படாதவிடத்துப் பாறையில் மோதிய மாலுமியை மட்டும் பழித்தல் நீதியாகாது. இணையவழித் திறந்த நூற் பரீட்சை பற்றிய வாதங்களிலே மறக்கப்படும் உண்மையும் இதுவேயாம்.

2020 மார்ச் மாதத்தில் கொரோனாத் தொற்றினால் இலங்கைப் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது, நிலாவெளியை அடுத்த கோணேசபுரியில் அமைந்த கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தின் மாணவரும், ஏனைய மாணவரைப் போலவே, வீட்டிலிருந்து கற்க வேண்டியவராயினர். விரிவுரை இணையத்துக்குச் சென்றது. அதன் பின்னே மதிப்பீடும் சென்றது. மேற்பார்வையாளர் நடமாடும் மண்டபத்தை இழந்த பல்கலைக்கழக உலகம், நூலையும் குறிப்பையும் பார்த்தெழுதும் பரீட்சையை நாடியது. அன்று தொட்டு இருவகைக் குரல்கள் ஒலிக்கின்றன. "மாணவரிடம் நேர்மை அழிந்துவிட்டது, கமராவைப் பொருத்துக" என்பது ஒன்று. "எல்லோரும் செய்வதுதானே, கண்டுகொள்ள வேண்டாம்" என்பது மற்றையது. இவ்விரண்டுமே பிழையானவை.

முதற் குரலை முதலில் ஆராய்தல் தகும். ஒரு கைத்தொலைபேசியை உடன்பிறந்தோர் மூவர் பகிர்ந்துகொள்ளும் வீட்டில், கூடத்தின் மூலையே படிப்பறையாகும்போது, கமரா காண்பது யாது? தாயின் நடமாட்டம், தம்பியின் குரல், இணைப்பு அறுந்து இருண்ட திரை ஆகியவற்றையே. இவை யாவும் ஐயத்துக்குரிய சான்றுகளாகப் பதிவாகும். தனியறையும் தடையற்ற இணைப்பும் உடையவனோ நேர்மையாளனாகத் தோன்றுவான். 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்ட நாட்டிலே, அறுந்த இணைப்பைக் குற்றமெனக் கொள்வது வறுமையைக் குற்றமாக்குவதாகும். கமரா அளப்பது வீட்டின் வசதியையேயன்றி உள்ளத்தின் செம்மையை அன்று.

செயற்கை நுண்ணறிவு எழுதிய விடையைக் கண்டுபிடிப்பதாகக் கூறும் மென்பொருளின் நிலையும் இதுவே. 2022 நவம்பரில் சாட்ஜிபிடியை வெளியிட்ட ஓபன்ஏஐ நிறுவனமே, தான் ஆக்கிய கண்டறி கருவியைத் துல்லியம் போதாதென 2023 யூலையில் கைவிட்டது. அதே ஆண்டில் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் இத்தகைய ஏழு கருவிகளைச் சோதித்தனர். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதோர் தாமே எழுதிய கட்டுரைகளில் சராசரியாக அரைப்பங்குக்கு மேற்பட்டவற்றை அவை இயந்திரத்தின் எழுத்தெனப் பிழைபடக் கூறின. உயர்தரம் வரை தமிழ்மொழிமூலம் கற்று, பட்டப்படிப்பை ஆங்கிலமொழிமூலம் எழுதும் மூதூர், கிண்ணியா, தம்பலகாமம் மாணவருக்கு இதன் ஆபத்தை விளக்க வேண்டியதில்லை.

இரண்டாங் குரல் கனிவுடையது போல ஒலிக்கின்றது. ஆயின் அதுவே கொடியது. பரீட்சை நேரத்தில் வட்ஸ்அப் குழுவொன்றில் ஒருவர் விடையை இட, நாற்பதின்மர் சொற்களை மாற்றி எழுதுவது உதவி எனப்படுகின்றது. இழந்தவர் யார் என எவரும் வினவுவதில்லை. அக்குழுவில் இடம்பெறாது, விட்டுவிட்டு வரும் இணைப்போடு போராடித் தானே எழுதிய மாணவியின் வகுப்புச் சித்தியே அங்கு களவாடப்படுகின்றது. எளியோரின் பெயரால் நியாயப்படுத்தப்படும் இக்களவு, எளியோரிடமிருந்தே திருடுகின்றது.

தமிழ் மாணவர் மறக்கலாகாத வரலாறொன்றும் உண்டு. 1970 அளவில், தமிழ்மொழிமூலப் பரீட்சகர் தம் மாணவருக்குப் புள்ளிகளை வாரி வழங்கினர் என்ற பேச்சுப் பரவியது. 1970/71ஆம் ஆண்டு அனுமதியில் மருத்துவ பீடம் புக, 400 புள்ளிகளில் தமிழ்மொழிமூல மாணவர் 250 பெற வேண்டியிருக்க, சிங்களமொழிமூல மாணவருக்கு 229 போதுமாயிற்று. அவ்வநீதிக்குக் காரணங்கள் பலவாயினும், ஐயமும் அதற்கொரு கருவியாயிற்று. நிறுவப்படாத ஐயமே இத்துணைக் கேடு விளைத்ததாயின், நிறுவத்தக்க ஐயம் என் செய்யும்? பரீட்சையின் நம்பகம் குலையுமிடத்து வலியோர் வேறு வழி தேடிக்கொள்வர். சான்றிதழை மட்டுமே முதலாகக் கொண்டோரே வீழ்வர்.

எனின், குற்றம் மாணவருடையது மட்டுமா? 2012இல் அமெரிக்காவின் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில், காங்கிரஸ் சபை பற்றிய அறிமுகப் பாடநெறியொன்றை 279 மாணவர் பயின்றனர். வீட்டிலிருந்து எழுதிய இறுதிப் பரீட்சையில் நூல், குறிப்பு, இணையம் யாவும் திறந்தவை என்றது வினாத்தாள். பிறருடன் கலந்துரையாடலாகாது என்றும் அதுவே கூறியது. ஏறத்தாழ 125 மாணவரின் விடைகள் விசாரணைக்குள்ளாயின; ஏறக்குறைய 70 பேர் சிறிது காலம் பல்கலைக்கழகத்தை விட்டு நீங்க நேர்ந்தது. அப்பாடநெறியில் கூடிக் கற்பது வழக்கமாயிருந்தது என்றும் விதி குழப்பமானது என்றும் மாணவர் வாதிட்டனர். விதியை மீறியோரை அவ்வாதம் விடுவிக்காது. ஆயினும், உலகம் முழுவதையும் திறந்துவிட்டு அருகிருக்கும் நண்பனை மட்டும் ஒரு வரியால் மூடிவிட முடியும் என நம்பிய பேதைமையை அது வெளிப்படுத்துகின்றது. மின்சாரமும் இணைப்பும் குறைவில்லாத இடத்திலேயே இது நிகழ்ந்தது.

வினாவின் தன்மையும் ஈண்டு நோக்கற்பாலது. நன்னூற் பாயிரத்தில் மாணாக்கரை வகுத்த பவணந்தி முனிவர், அன்னத்தைத் தலையாயோர்க்கும் கிளியை இடைப்பட்டோர்க்கும் உவமையாக்கினார். சொன்னதைச் சொல்வது கிளி. பாலையும் நீரையும் பிரிப்பது அன்னம். நூலைத் திறந்து வைத்துவிட்டு "வரைவிலக்கணம் தருக", "காரணிகளைப் பட்டியலிடுக" என்று வினவும் ஆசிரியர், கிளிகளை அழைத்துவிட்டு, எல்லாக் குரலும் ஒத்திருக்கின்றனவே என வியக்கின்றார். பழைய வினாத்தாளைத் தலைப்பு மாற்றி மீண்டும் இடுவதும் பிறர் விடையைச் சொல் மாற்றி எழுதுவதும் ஒரே குற்றத்தின் இரு முகங்களே. கொட்டியாரக் குடாவின் மீனவர் கூட்டுறவுச் சங்கமொன்றின் கணக்கை முன்வைத்து, கற்ற கோட்பாடு இங்கு எவ்விடத்திற் பொருந்தாது எனக் கேட்குமிடத்து, நூல் துணையாகுமேயன்றி விடையாகாது. எழுதியதை எழுதியவரே விளக்குமாறு பத்து நிமிடம் வாய்மொழியாக வினவின், கமரா காணாததை ஆசிரியர் காண்பார்.

ஆகவே வேண்டற்பாலவை தெளிவானவை. எவற்றைப் பார்க்கலாம், எவருடன் எதுவரை பேசலாம், இயந்திரத்தை எதற்குப் பயன்படுத்தலாம், எடுத்தாண்டதை எவ்வாறு குறிப்பிட வேண்டும், இணைப்பு அறுந்தால் யாது செய்வது, குற்றஞ்சாட்டப்பட்டவர் எங்கு முறையிடுவது என்பன பாடநெறி தொடங்கும்போதே, மாணவருக்கு விளங்கும் மொழியில், எழுத்தில் தரப்படல் வேண்டும். அவை தரப்பட்ட பின்னர் மாணவர்க்குச் சாட்டு எதுவும் எஞ்சாது. வறுமை இணைப்பை அறுக்கலாம். பிறன் விடையைத் தன் பெயரில் அனுப்புமாறு எவரையும் அது கட்டாயப்படுத்துவதில்லை.

விதியை எழுதாத ஆசிரியரும் எழுதிய விதியை மீறும் மாணவரும் ஒரே பட்டத்தையே மலினப்படுத்துகின்றனர். முன்னவர் மிதவையை இட மறுக்கின்றார். பின்னவர் இட்ட மிதவையை அறுத்துவிடுகின்றார். பாறையில் மோதுவதோ இருவரும் ஏறியிருக்கும் கலமே.