சிப்பை அமத்துறது திருத்தமில்லை

1980இல் அப்பிள் III வந்தது. சத்தம் வரக்கூடாது என்று ஸ்டீவ் ஜொப்ஸ் பிடிவாதமாக நின்றதால் உள்ளே காற்றாடி இல்லை. கொஞ்ச நாளில் மெஷின்கள் இடைக்கிடை நிற்கத் தொடங்கின. சிப்புகள் சொக்கெட்டிலிருந்து மெல்ல மெல்ல மேலெழும்பிவிட்டன. அதுக்குக் கொம்பனி சொன்ன வைத்தியம் என்ன தெரியுமோ? மெஷினைக் கொஞ்சம் தூக்கி, தொப்பெண்டு மேசையில போடுங்கோ! (பெட்டியை வடிவமைத்தவர் சூடு காரணமில்லை, போர்ட்டில்தான் பிழை என்றார். அந்தச் சண்டையை விடுவம்.) கடைசியில் ஏறத்தாழ 14,000 மெஷின்களை மாற்றிக் கொடுக்க வேண்டி வந்தது.

இதுக்குச் சிரிக்கிறம். ஆனால் பழைய கொம்பியூட்டர் சேர்க்கிற கனபேர் இப்பவும் செய்யிறது இதே வைத்தியம்தான். மூடியைக் கழட்டி, சிப்பை விரலால அமத்தி, திரை வந்ததும் ஒரு வீடியோ: "திருத்தியாச்சு!" இரண்டு கிழமையால திரும்பவும் கறுப்புத் திரை. வீட்டு ரேடியோவின்ர தலையில தட்டுற பழக்கத்துக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

அமத்தினால் ஏன் வேலை செய்யுது? அந்தக் காலத்து மலிவுச் சொக்கெட்டுகள் பல, சிப்பின் காலை ஒரு பக்கத்தால் மட்டுமே பிடிக்கும். நாற்பது வருசத்தில் அந்தத் தகடு தளர்ந்துவிடும், மேலே ஒக்சைட் படியும். அமத்தும்போது கால் உரசி அந்தப் படலம் கிழியுது, அவ்வளவுதான். மெஷின் சூடாகி ஆறி, சூடாகி ஆற, பழைய நிலைதான். சொக்கெட்டை மாற்ற வேணும். உள்ளே நாலு பக்கமும் விரல் போலப் பிடிக்கிற வட்டத் துளைச் சொக்கெட் கடையில கிடைக்கும்.

"ஒரிஜினலைக் கழட்டினால் பெறுமதி போயிடும்" எண்டு ஒரு கூட்டம் வரும். அவையின்ர ஒரு பயம் நியாயமானது: அவசரப்பட்டு இழுத்தால் போர்ட்டின் செப்புத் தடம் உரிஞ்சு வரும். பிளாஸ்டிக்கை வெட்டியெடுத்துவிட்டு, ஒவ்வொரு காலாகச் சூடாக்கி எடுத்தால் பெரும்பாலும் தப்பும். முதலில் குப்பைப் போர்ட் ஒன்றில் பழகுங்கோ. அதுக்காகத் தளர்ந்த சொக்கெட்டைச் சாமிப்படம் மாதிரி வைச்சிருக்கிறதோ? சிப்பைப் பிடுங்கிப் பிடுங்கிக் குத்தினால் ஒருநாள் கால் முறியும். கொமடோர் 64இன் இசைச் சிப்பான சிட்டை இப்ப ஒருத்தரும் தயாரிக்கிறதில்லை. சொக்கெட்டோ சில்லறைக் காசு. எதைக் காப்பாற்ற வேணும்?

1981இன் இசட்எக்ஸ்81ஐயும் பாருங்கோ. உள்ளே 1 கிலோபைட் நினைவகம். 16 கிலோபைட் பெட்டியைப் பின்னால் செருக வேணும். விசையை அழுத்தினாலே அது ஆடும், மணிக்கணக்காய் அடிச்ச புரோகிராம் முழுக்கப் போகும். சனம் ஒட்டுப்பசை வைச்சுச் சமாளிச்சது. ஆனால் அதைத் 'திருத்தம்' எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை.

அடுத்த வீடியோ போட முதல் மூடியைத் திறந்து மெஷினை மூன்று மணித்தியாலம் ஓட விடுங்கோ. பிறகு காய்ஞ்ச மரக்குச்சியால ஒவ்வொரு சொக்கெட்டையும் மெதுவாத் தட்டிப் பாருங்கோ. மின்வழங்கிப் பக்கம் மட்டும் கை வைக்காதேங்கோ. திரை ஆடினால் நீங்கள் இன்னும் திருத்தேல்லை.