விற்கவும் மாட்டார்களாம், காப்பாற்றவும் விடமாட்டார்களாம்!

பழைய கம்ப்யூட்டர் விளையாட்டுகளில் பெரும்பாலானவற்றைக் கம்பெனிகள் இன்று விற்பதில்லை. மற்றவர்கள் காப்பாற்ற முன்வந்தால் சட்டத்தைக் காட்டி மிரட்டுகின்றன. விளையாட்டுச் சமாசாரம்தானே என்று சிலர் சிரிக்கலாம். சிரிக்க வேண்டாம். இது உழைப்பைப் பற்றிய பிரச்னை. சொத்துரிமையைப் பற்றிய பிரச்னை.

அமெரிக்காவில் அட்டாரி கம்பெனியில் வேலை பார்த்தவர் வாரன் ராபினெட். 1980-ல் வெளிவந்த 'அட்வென்ச்சர்' விளையாட்டை அவர் ஒருவரே உருவாக்கினார். வெறும் 4 கிலோபைட் இடத்தில் 30 அறைகளையும் 3 கோட்டைகளையும் 3 டிராகன்களையும் அடக்கிக் காட்டினார். கிடைத்தது என்ன? சம்பளம் மட்டுமே. ராயல்டி இல்லை. பெட்டியின்மேல் பெயர்கூட இல்லை! உழைத்தவன் பெயரைப் போடுவதில்லை என்பது அன்று அந்தக் கம்பெனியின் வழக்கம். ராபினெட் விளையாட்டுக்குள்ளேயே ஒரு ரகசிய அறையை அமைத்தார். அதில் தம் பெயரைப் பொறித்தார். யாரிடமும் சொல்லாமல் வேலையை விட்டு விலகினார். விளையாடிய ஒரு சிறுவன் கண்டுபிடித்துக் கடிதம் எழுதிய பிறகுதான் நிர்வாகம் விழித்துக்கொண்டது.

அந்தக் காலத்து யந்திரங்கள் ஒவ்வொன்றாகப் பழுதாகி வருகின்றன. யந்திரம் போனால் விளையாட்டும் போகும். உழைத்தவன் பொறித்த பெயரும் போகும். இதைத் தடுப்பதுதான் எமுலேட்டர்.

எமுலேட்டர் என்பது ஒரு புரோகிராம். பழைய யந்திரத்துக்காக எழுதிய கட்டளைகளை ஒவ்வொன்றாகப் படித்து, புதிய கம்ப்யூட்டர் அதே வேலையைச் செய்யும்படி மாற்றித் தருகிறது. பழைய யந்திரத்தின் வேகத்தையும் அப்படியே பின்பற்றுகிறது. 1978-ல் ஜப்பானில் டோமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' விளையாட்டில், எதிரிகள் குறையக் குறைய மிஞ்சியவர்கள் வேகமாய்ப் பாய்வார்கள். வரைய வேண்டிய உருவங்கள் குறைந்து, சிப்பின் சுமை இறங்குவதே காரணம். அந்தப் பலவீனத்தையும் சேர்த்துக் காப்பாற்றினால்தான் விளையாட்டு பிழைக்கும். இந்த நுணுக்கமான வேலையைச் செய்பவர்கள் யார்? அட்டாரி விளையாட்டுகளுக்கான 'ஸ்டெல்லா', 1997-ல் தொடங்கிய 'மேம்' ஆகியவற்றை வளர்த்தவர்கள் தொண்டர்கள். லாபத்துக்காக அல்ல, கலை அழியக்கூடாது என்பதற்காக.

திருட்டு என்கிறார்களே!

எமுலேட்டரே திருட்டு என்று கூச்சலிடுகிறவர்கள் உண்டு. சோனியின் பிளேஸ்டேஷன் விளையாட்டுகளைச் சாதாரணக் கம்ப்யூட்டரில் ஓட்டும் புரோகிராமை கனெக்டிக்ஸ் என்ற கம்பெனி தயாரித்தது. சோனி வழக்குப் போட்டது. 2000-ல் அமெரிக்க அப்பீல் கோர்ட் கனெக்டிக்ஸ் பக்கம் தீர்ப்பளித்தது. சோனி என்ன செய்தது? 2001-ல் அந்தப் புரோகிராமையே விலைக்கு வாங்கி, விற்பனையை நிறுத்தியது. கோர்ட்டில் தோற்றதைப் பணப்பையால் சாதித்துக்கொண்டது!

விளையாட்டின் பிரதி வேறு சங்கதி. அதற்குப் பதிப்புரிமை உண்டு. கடையில் இன்று விற்கும் விளையாட்டை இலவசமாக அள்ளிக்கொள்ள நாம் வக்காலத்து வாங்கவில்லை. கடையில் இல்லாததைப் பற்றித்தான் கேட்கிறோம். 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியான விளையாட்டுகளில் 13 சதவிகிதம்தான் விற்பனையில் உள்ளது என்று 2023-ல் வெளியான ஓர் ஆய்வு கூறுகிறது. மீதி 87 சதவிகிதம்? பூட்டு!

விற்பனையில் இல்லாத அந்த விளையாட்டுகளை ஆராய்ச்சியாளர்கள் தொலைவிலிருந்தே பயன்படுத்த நூலகங்கள் அனுமதி கேட்டன. கம்பெனிகளின் சங்கம் எதிர்த்தது. 2024 அக்டோபரில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது. பழைய புத்தகத்தை நூலகம் இரவல் தரலாம். பழைய விளையாட்டை மட்டும் ஏன் தரக்கூடாது?

உழைத்தவனுக்கும் பங்கில்லை, விளையாட வருகிறவனுக்கும் வழியில்லை என்றால், இந்தச் சட்டம் யாரைக் காக்கிறது? விற்காத சரக்கைக் காவல் காப்பதற்குப் பெயர் உரிமை அல்ல, பதுக்கல். விற்பனையில் இல்லாத விளையாட்டுகளைப் பிரதி எடுக்கவும், எமுலேட்டரில் ஓட்டவும், கேட்பவர்களுக்குக் காட்டவும் நூலகங்களுக்குச் சட்டப்படி அனுமதி தர வேண்டும். உருவாக்கியவர்களின் பெயர்களைத் தேடிப் பதிவு செய்ய வேண்டும். யந்திரங்கள் முழுக்கத் துருப்பிடிக்கும் முன்னரே இது நடந்தாக வேண்டும்.