வண்டி எண் மட்டும் போதுமா?

சட்டி வாங்கினாலும் தட்டிப் பார்த்து வாங்குகிறவர்கள் நாம். ஆனால் இலட்ச ரூபாய்ச் சரக்கை லாரியில் ஏற்றும்போது வாடகையை மட்டுமே விசாரிக்கிறோம்!

பரிவாகன் இணையதளத்தில் பதிவெண்ணைக் கொடுத்தால் லாரியின் தகுதிச் சான்றும் காப்பீடும் எந்த நாள் வரை செல்லும் என்பது தெரிந்துவிடும். நல்ல ஏற்பாடுதான். ஆயினும் அது வண்டியின் சாதகமே தவிர, அதை ஓட்டுவிக்கும் நிறுவனத்தின் சாதகமன்று. 1961ஆம் ஆண்டுச் சட்டமே மோட்டார்த் தொழிலாளிக்கு நாளொன்றுக்கு 8 மணி நேர வேலை என வரையறுத்தது. உறக்கம் இழந்த ஓட்டுநரின் கண்களை எந்தத் தகுதிச் சான்று காட்டும்?

அமெரிக்காவில் மாநில எல்லை கடந்து ஓடும் லாரியின் பக்கவாட்டில் நிறுவனத்தின் பெயரும் எண்ணும் எழுதப்பட்டிருக்கும். அந்த எண்ணைக் கொண்டு, அந்நிறுவன வண்டிகளுக்கு நேர்ந்த விபத்துகள் எத்தனை, சோதனையில் குறை கண்டு நிறுத்தப்பட்டவை எத்தனை என்பதை எவரும் அறியலாம்.

நம் நாட்டிலும் 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி பொதுச் சரக்கேற்றுவோர் பதிவு பெற வேண்டும். அப்பதிவோடு விபத்துக் கணக்கையும் இணைத்து மக்கள் முன் வைத்தால் என்ன? கவனமாகத் தொழில் நடத்துவோருக்கு அது பெருமை, மற்றவர்க்கு எச்சரிக்கை. வாடகைக்குப் பேரம் பேசும் நாம், இனி வரலாற்றையும் கேட்போம். சாலையில் எதிரே வருபவர் நம் வீட்டவராகவும் இருக்கலாம் அல்லவா?