டின்னுக்குள் இரண்டு பெயர்

புந்தோங்கில் கச்சாங் பூத்தே வறுக்கும் வீட்டுப் பாட்டி ஒருவர், பிஸ்கட் டின்னில் இருந்த மாத்திரைகளை எங்கள் மருந்தகக் கவுண்டரில் கொட்டினார். கால்கள் வீங்கியிருந்தன, எழுந்து நின்றால் தலைசுற்றல். அரசு கிளினிக் பையில் ‘அம்லோடிபின்’ என்று இருந்தது, தனியார் கிளினிக் அட்டையில் ஒரு வணிகப் பெயர். உள்ளே இருந்தது ஒரே மருந்து. “ரெண்டும் வேற வேற கலரு தம்பி, வேற வியாதிக்குன்னு நெனச்சேன்” என்றார்.

அவரைக் குறைசொல்ல நமக்கு வாயில்லை. நம் மலேசியாவில் தனியார் டாக்டர் தாமே மருந்தும் கொடுக்கிறார். அரசு கிளினிக்கின் பதிவு அவர் கைக்கு வருவதில்லை. இரண்டு இடத்துக்கும் போய்வரும் ஒரே ஆள் நோயாளிதான்.

இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கவே உலகச் சுகாதார நிறுவனம் 1953இல் மருந்துகளின் பொதுப்பெயர்களின் முதல் பட்டியலை வெளியிட்டது. அந்தப் பெயர்களில் வாலைப் பார்த்தால் குலம் தெரியும். ‘ஓலோல்’ என்று முடிந்தால் பீட்டா தடுப்பான். ‘டிபின்’ என்று முடிந்தால், பெரும்பாலும் ரத்தக் கொதிப்புக்குக் கொடுக்கும் கால்சியம் தடுப்பான். அழகான ஏற்பாடு. ஆனால் அலமாரியில் நாம் அடுக்குவது தலையெழுத்தை வைத்து! இனிப்புநீருக்கான மெட்ஃபார்மினும், கிருமித்தொற்றுக்கான மெட்ரோனிடசோலும் அதனால்தான் அருகருகே வந்து உட்காருகின்றன. இரண்டிலும் 500 மில்லிகிராம் மாத்திரை உண்டு. தைராய்டுக்கான கார்பிமசோலும் வலிப்புக்கான கார்பமசெபினும் அப்படித்தான்.

வணிகப் பெயரை மாற்றினாலும் தொல்லை தீர்வதில்லை. அமெரிக்காவில் லோசெக் என்ற மருந்தை லேசிக்ஸ் என்ற வேறு மருந்தாக வாசித்ததால், 1990இல் அதற்குப் பிரிலோசெக் என்று பெயர் மாற்றினார்கள். பிறகு அது புரோசாக் என்ற இன்னொரு மருந்தோடு குழம்பியது. இந்திய உச்ச நீதிமன்றம் 2001இல் ஃபால்சிகோ, ஃபால்சிடாப் என்ற இரு மலேரியா மருந்துகளின் வழக்கில், மற்றப் பொருள்களைவிட மருந்தின் பெயருக்குக் கடுமையான அளவுகோல் வேண்டும் என்றது. ஆங்கிலம் அறியாதவர்களும் பல மொழி பேசுபவர்களும் வாங்கும் பொருள் என்பதையும் அந்தத் தீர்ப்பு கணக்கில் எடுத்தது. நம் வட்டாரத்துக்கும் அப்படியே பொருந்தும் வாதம் அது.

ஒன்றுபோல் தோன்றும், ஒன்றுபோல் ஒலிக்கும் மருந்துகளைக் கையாள நம் சுகாதார அமைச்சு 2012இல் கையேடு வெளியிட்டது. பெயரில் மாறுபடும் பகுதியைப் பெரிய எழுத்தில் அச்சிடும் உத்தி நம் கண்ணுக்கு உதவுகிறது. ஆனால் தமிழில் பெரிய எழுத்து கிடையாது. பாட்டிக்குப் பெயர் காது வழியாகத்தான் போகிறது, அதுவும் பாதியாக: “அந்த மெட் மாத்திரை”. மெட் என்று தொடங்குபவை எத்தனை!

“வேறு மருந்து சாப்பிடுறீங்களா?” என்று நோயாளிகளிடம் கேட்டால் “இல்லை” என்ற பதிலே வருகிறது, தனியார் கிளினிக்கில் வாங்கியது அவர்கள் கணக்கில் சேர்வதில்லை. அந்தக் கேள்வியை விட்டுவிட்டு, டின்னோடு வரச் சொல்லுங்கள். மருந்துப் பையில் நோயின் பெயரைத் தமிழில் எழுதுங்கள். தனியார் டாக்டர்கள் வணிகப் பெயருக்குக் கீழே பொதுப்பெயரையும் எழுதித்தர வேண்டும். அரை நிமிடம் போதும்.

அன்று இரு கிளினிக்குகளோடும் பேசி ஒன்றை நிறுத்தினோம். மீதி இருந்த அட்டையில் ‘ரத்தக் கொதிப்பு – அம்லோடிபின்’ என்று எழுதி ஒட்டினேன். பாட்டி அந்தப் பெயரை மூன்று முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் டின்னை மூடினார்.