பத்து லட்சத்துக்கு ஒரு அஞ்சு ரூபாய்

"உங்ககிட்ட இந்தப் பழைய அஞ்சு ரூபாய் இருக்கா? நீங்கதான் லட்சாதிபதி!" இந்த வீடியோ உங்க மொபைலுக்கும் வந்திருக்கும் மக்களே. நம்பினவங்களை நான் திட்டப் போறதில்லை. திட்டு முழுக்க அதை எடுத்துப் போடுற புண்ணியவான்களுக்குத்தான்.

திருப்புட்குழியில் எங்க தெருப் பெரியம்மா ஒருத்தர், 2012-னு வருஷம் போட்ட வைஷ்ணவ தேவி நாணயத்தை போட்டோ எடுத்து ஒரு நம்பருக்கு அனுப்பினாங்க. பத்து லட்சம்னான். முதல்ல பதிவுக் கட்டணம், அப்புறம் ஜி.எஸ்.டி., அப்புறம் ரிசர்வ் வங்கி கமிஷன். பால் ஊத்திச் சேர்த்த 6,200 ரூபாய் போயே போச்சு. வாங்குறவன் எதுக்குய்யா விக்கிறவங்ககிட்ட காசு கேட்கணும்? இந்த வியாபாரத்தில் நாங்க இல்லை, எங்க பேரில் கமிஷன் வாங்க யாருக்கும் அனுமதி தரலைன்னு ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே அறிக்கை விட்டுடுச்சு. அந்த அறிக்கை ஊருக்குள்ள வரலை, வீடியோ வந்துடுச்சு.

பழசுன்னா விலைங்கிறதே பொய். ஓட்டைக் காலணா 1943-லேர்ந்து 1947 வரை கோடிக்கணக்கில் அடிச்ச சரக்கு. அதுக்கு யார் லட்சம் குடுப்பா? 1818-னு போட்டு ராமர் பட்டாபிஷேகம் இருக்கிற 'கம்பெனி காசு' இன்னும் கூத்து. கிழக்கிந்தியக் கம்பெனி அப்படி ஒண்ணை வெளியிடவே இல்லை. பூஜை ரூம்ல தாராளமா வைங்க, விலை மட்டும் கேட்காதீங்க.

இதில் வயித்தெரிச்சல் என்னன்னா, நிஜமாவே மதிப்புள்ளதை அடகுக்கடையில் 'பழைய வெள்ளி'ன்னு சொன்ன விலைக்குக் குடுத்துட்டு வர்றாங்க. விக்டோரியா ராணி ரூபாய் 11.66 கிராம், அதில் சுத்த வெள்ளி சுமார் 10.7 கிராம். அன்னைக்கு வெள்ளி விலையால பெருக்குங்க, அதுதான் தரைவிலை. (1940-லேர்ந்து வெள்ளி பாதிதான், 1947 ரூபாய் வெறும் நிக்கல்.) அதுக்கு மேல போறது வருஷம், அச்சகக் குறி, தேய்மானத்தைப் பொறுத்தது. 1911 ரூபாயில் ஜார்ஜ் மன்னர் அங்கியில் இருந்த யானை பன்றி மாதிரி தெரியுதுன்னு எதிர்ப்பு கிளம்பி, பெரும்பாலானதை உருக்கிட்டாங்க. தப்பிச்சது கொஞ்சம், அதான் கிராக்கி.

விலை தெரியணும்னா, அதே வருஷம், அதே குறி, அதே தேய்மானத்தில் இருக்கிற நாணயம் ஏலத்தில் எவ்வளவுக்குப் போச்சுன்னு பாருங்க. எவ்வளவு கேட்டாங்கன்னு பார்க்காதீங்க. கேட்கிறதுக்கு என்ன, நான்கூட கோடி கேட்பேன். காட்டப் போறதுக்கு முன்னாடி புளி போட்டுத் தேய்ச்சுடாதீங்க. பளபளன்னு ஆன காசை சேகரிக்கிறவங்க திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாங்க.