சர்க்கரை சேர்க்காத பார்பெக்யூ சாஸ்: வெல்லத்துக்கு மட்டும் விலக்கு உண்டா?

நீரிழிவு உள்ளவர்களுக்கு மருத்துவமனைகளில் தரப்படும் உணவுக் குறிப்புகளில் "சாஸ், ஜாம், குளிர்பானம் தவிர்க்கவும்" என்ற வரி தவறாமல் இடம்பெறுகிறது. வரி சரியானதே. ஆயினும் அவ்வரியோடு நின்றுவிடுவது போதாது என்பது, உணவியல் ஆலோசனை அறையில் அமர்ந்து அதையே பல்லாண்டுகளாகச் சொல்லிவரும் என் கருத்து. ஞாயிற்றுக்கிழமை மகனும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் கூடியிருக்கும் வீட்டில், எல்லோர் தட்டிலும் சுட்ட கோழியும் அதன்மேல் பளபளக்கும் பழுப்புநிறச் சாஸும் இருக்கின்றன. ஒருவர் தட்டில் மட்டும் வெளிறிய வேகவைத்த துண்டு. அவர் ஒன்றும் சொல்வதில்லை. இரண்டு வாரம் பொறுத்துக்கொள்கிறார். மூன்றாம் வாரம் எவரும் பார்க்காத நேரத்தில் புட்டியைத் திறக்கிறார். மூன்று மாதம் கழித்து எச்.பி.ஏ.1.சி. முடிவு வரும்போது வீட்டில் சண்டை வருகிறது.

தட்டுக்கு இரண்டு கரண்டி சாஸ் வேண்டும் என்ற ஆசையில் தவறேதும் இல்லை. அந்தச் சாஸைச் சர்க்கரையின்றிச் செய்ய முடியுமா என்பதுதான் கேட்கவேண்டிய கேள்வி. முடியும். ஆனால் "சர்க்கரை இல்லாதது" என்று சொல்லிச் செய்யப்படுபவற்றுள் பெரும்பாலானவை அப்பெயருக்குத் தகுதியற்றவை. அதைப் பற்றியே இங்கு விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை விலக்கிவிடலாம். பார்பெக்யூ சாஸ் என்றாலே இனிப்பாகத்தான் இருக்கவேண்டும் என்று நம்மிற் பலர் நினைக்கிறோம். அது பிறந்த அமெரிக்காவில் அப்படி ஒரு விதி கிடையாது. வட கரோலினா மாநிலத்தின் கிழக்குப் பகுதியில் வழங்கும் சாஸ் வினிகரும் மிளகாயும் மிளகும் உப்பும் கலந்த நீர்த்த புளிப்புக் கரைசல். அதில் தக்காளிகூடச் சேர்வதில்லை. தென் கரோலினாவில் கடுகு விழுதை அடிப்படையாகக் கொண்ட மஞ்சள் சாஸ் உண்டு. அலபாமாவில் மயோனைஸும் வினிகரும் சேர்ந்த வெள்ளைச் சாஸ். நம்மூர் பேரங்காடிகளில் வரிசையாக நிற்கும் கெட்டியான, இனிப்பான, கருஞ்சிவப்புச் சாஸ் கான்சஸ் சிட்டியின் பாணி. தக்காளியோடு பழுப்புச் சர்க்கரையும், மொலாசஸ் எனப்படும் கருநிறக் கரும்புப்பாகும் சேர்ப்பது அதன் வழக்கம். அந்தப் பாணியை அமெரிக்கா முழுவதும் கொண்டுசென்ற புட்டிகளில் ஒன்றான கே.சி. மாஸ்டர்பீஸை 1977இல் உருவாக்கியவர் ரிச் டேவிஸ் என்னும் குழந்தை மனநல மருத்துவர் என்பது நம் துறையினரைச் சற்றே புன்னகைக்க வைக்கும் செய்தி. ஆக, புட்டியில் அடைத்து விற்க வசதியாக இருந்ததால் ஒரு நகரத்தின் சுவை உலகத்தின் சுவையாகிவிட்டது, அவ்வளவே.

இனிக் கணக்குக்கு வருவோம். கெட்டியான இனிப்பு வகைச் சாஸ்களில் இரண்டு மேசைக்கரண்டி அளவுக்குள் 12 முதல் 16 கிராம் வரை சர்க்கரை இருப்பது சாதாரணம். ஒரு தேக்கரண்டி சர்க்கரை ஏறத்தாழ 4 கிராம். அதாவது கோழித்துண்டின்மேல் மூன்று நான்கு தேக்கரண்டிச் சர்க்கரையைத் தூவியதற்குச் சமம். இரண்டு கரண்டியோடு நிறுத்துபவரும் அரிது. உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல், இத்தகைய சர்க்கரை நாளின் மொத்த ஆற்றலில் 10 சதவீதத்துக்குக் குறைவாக இருக்கவேண்டும் என்றும், 5 சதவீதத்துக்குக் குறைந்தால் மேலும் நல்லது என்றும் சொல்கிறது. நாளொன்றுக்கு 2000 கலோரி உண்பவருக்கு அந்த 5 சதவீதம் 25 கிராம். ஒருவேளை சாஸிலேயே அதில் பாதிக்கு மேல் தீர்ந்துவிடுகிறது.

இதை அறிந்த குடும்பத்தினர் வீட்டிலேயே செய்ய முனைகிறார்கள். பாராட்டத்தக்கது. ஆனால் அவர்கள் கொண்டுவந்து காட்டும் செய்முறைகளைப் படித்தால், வெள்ளைச் சர்க்கரை இருந்த இடத்தில் வெல்லம் இருக்கிறது. அல்லது தேன். அல்லது கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை, ஊறவைத்து அரைத்த பேரீச்சம்பழம். "இயற்கையானதுதானே, டாக்டரம்மா?" என்று கேட்கும்போது அவர்கள் குரலில் இருக்கும் நம்பிக்கையைக் குலைக்க மனம் வருவதில்லை. குலைக்காமலும் இருக்க முடியாது. வெல்லத்தின் பெரும்பகுதி சுக்ரோஸ்தான். தேனில் ஐந்தில் நான்கு பங்கு குளுக்கோஸும் ஃப்ரக்டோஸுமாகிய சர்க்கரை. விதை நீக்கிய 100 கிராம் பேரீச்சம்பழத்தில் 60 கிராமுக்கு மேல் சர்க்கரை உண்டு. முழுப்பழமாக ஒன்றிரண்டு மென்று உண்பது வேறு, பத்துப் பழத்தை அரைத்துச் சாஸில் கரைப்பது வேறு. வெல்லத்தில் இரும்புச்சத்து இருக்கிறது என்பார்கள். ஒரு கரண்டி வெல்லத்தில் கிடைக்கும் இரும்பு பொருட்படுத்தத்தக்க அளவில் இல்லை; அதற்கு முருங்கைக்கீரை இருக்கிறது.

நான் மேலே சொன்ன அதே வழிகாட்டுதல், உற்பத்தியாளரோ சமைப்பவரோ உண்பவரோ உணவில் சேர்க்கும் சர்க்கரை அனைத்தையும், தேனிலும் பாகுகளிலும் பழச்சாறுகளிலும் இயல்பாக உள்ள சர்க்கரையையும் ஒரே கணக்கில்தான் சேர்க்கிறது. "சமைப்பவர்" என்ற சொல் அங்கே இருப்பதைக் கவனியுங்கள். அம்மா கையால் போட்ட வெல்லத்துக்கும் விலக்கு இல்லை. மரபு உணவின் மீது எனக்கு மதிப்புண்டு. ஆனால் மரபின் பெயரைச் சொல்லி நோயாளியின் இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுவதை ஏற்க இயலாது. வெள்ளைச் சர்க்கரை என்று தெரிந்தால் ஒரு கரண்டியோடு நிறுத்துபவர், "கருப்பட்டிதானே" என்று நாலு கரண்டி போட்டுக்கொள்கிறார். தீங்கு அங்கேதான்.

கடைப்புட்டியைப் பார்க்கும்போதும் இதே விழிப்பு வேண்டும். பொருள்களின் பட்டியல் எடையின் இறங்குவரிசையில் எழுதப்படுவது. முதல் மூன்று பெயர்களுக்குள் சர்க்கரையோ கார்ன் சிரப்போ மொலாசஸோ இருந்தால் மேலே படிக்க வேண்டியதில்லை. டெக்ஸ்ட்ரோஸ், இன்வர்ட் சிரப், அடர்த்தியாக்கப்பட்ட பழச்சாறு ஆகியவையும் அதே குடும்பத்தினர்தாம்.

செயற்கை இனிப்பூட்டிகளைச் சேர்க்கலாமா என்று கேட்பார்கள். இந்தச் சாஸுக்கு அது தேவையே இல்லை என்பேன். அஸ்பார்ட்டேம் சூட்டில் இனிப்பை இழந்துவிடும். சூடு தாங்கும் வேறு வகைகள் உண்டெனினும், நாக்கு இனிப்பையே எதிர்பார்த்துப் பழகுவதை அவை மாற்றுவதில்லை.

அப்படியானால் சர்க்கரையை எடுத்துவிட்ட இடத்தில் எதை வைப்பது? சாஸில் சர்க்கரை மூன்று வேலைகளைச் செய்கிறது: புளிப்பை மட்டுப்படுத்துகிறது, கெட்டியாக்குகிறது, கெடாமல் காக்கிறது. முதலிரண்டையும் பொறுமையாலும் தீயாலும் செய்துவிடலாம்.

ஒரு கிலோ தக்காளி எடுத்துக்கொள்ளுங்கள். நாட்டுத்தக்காளி மட்டும் என்றால் புளிப்பு மிகும். பாதி பெங்களூர்த் தக்காளியாக இருப்பது நல்லது. அதில் பாதியை நேரடித் தீயிலோ இரும்புக்கல்லிலோ தோல் கருகுமட்டும் சுட்டு, கருகிய தோலை உரித்துவிடுங்கள். சுட்ட மணம் சதையில் தங்கியிருக்கும். 200 கிராம் சின்ன வெங்காயத்தையும் பத்துப் பல் பூண்டையும் இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெயில், மிகக் குறைந்த தீயில், இருபது நிமிடம் வதக்குங்கள். அவசரப்படக்கூடாத இடம் இதுதான். வெங்காயத்தின் காரம் அடங்கி, அது பழுப்பேறி, தன் இனிப்பை மெல்ல வெளிக்காட்டும்; வெல்லம் செய்யவிருந்த வேலையை அது செய்துவிடும். பிறகு தக்காளி முழுவதையும் சேர்த்து வேகவைத்து, ஆறியபின் நைசாக அரைத்துக்கொள்ளுங்கள்.

அரைத்த விழுதை அடிகனமான எவர்சில்வர்ப் பாத்திரத்தில் ஊற்றுங்கள். புளிப்புப் பொருளாதலால் அலுமினியம் வேண்டாம். இரண்டு மேசைக்கரண்டி வினிகர், நெல்லிக்காயில் பாதியளவு புளியைக் கரைத்த நீர், இரண்டு தேக்கரண்டி காஷ்மீரி மிளகாய்த்தூள், கடுகுத்தூளும் மிளகுத்தூளும் வறுத்த சீரகத்தூளும் ஒவ்வொரு தேக்கரண்டி, ஒரு சிறு துண்டு பட்டை ஆகியவற்றைச் சேர்த்து, மூடாமல், சிறுதீயில் முப்பது நாற்பது நிமிடம் வற்றவிடுங்கள். தெறிக்கும், கை கவனம். (புளி இங்கே ஒட்டாத சரக்கு என்று எண்ண வேண்டாம். அமெரிக்கர்கள் தங்கள் சாஸில் ஊற்றும் வூஸ்டர்ஷையர் சாஸிலும் புளி இருக்கிறது.) பட்டை தன் மணத்தாலேயே இனிப்பு இருப்பதுபோன்ற ஓர் எண்ணத்தைத் தரும். குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டால் சுற்றிலும் நீர் பிரியாமல் நிற்கவேண்டும், அதுவே பதம். இறக்கும்போது பட்டையை எடுத்துவிட்டு, மேலும் இரண்டு மேசைக்கரண்டி வினிகரையும் அரைத் தேக்கரண்டி உப்பையும் சேருங்கள். உப்பை முதலிலேயே போட்டால், வற்ற வற்ற அதுவும் மிகுந்துவிடும்.

ஏறத்தாழ 400 கிராம் சாஸ் கிடைக்கும். இரண்டு மேசைக்கரண்டிக்கு, தக்காளியிலும் வெங்காயத்திலும் புளியிலும் இயல்பாக உள்ள சர்க்கரை மட்டும் சுமார் 3 கிராம். கடைச்சாஸின் சுவை அப்படியே வரும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. வராது. இது புளிப்பும் காரமும் புகைமணமும் முன்னிற்கும் சாஸ்; கான்சஸ் சிட்டியைவிடக் கரோலினாவுக்கு நெருக்கமானது. இரண்டு வாரம் இதை உண்டபின் பழைய புட்டியைத் தொட்டால், அது திகட்டுவதாகப் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

சர்க்கரை இல்லை என்பதாலேயே இது எல்லா நோயாளிகளுக்கும் ஏற்றதாகிவிடாது. சிறுநீரக நோயால் பொட்டாசியத்தைக் கட்டுப்படுத்தச் சொல்லப்பட்டவர்கள் கவனிக்கவேண்டும்: தக்காளியை வற்றவைக்கும்போது பொட்டாசியமும் செறிவடைகிறது. இந்தச் சாஸின் இரண்டு மேசைக்கரண்டியில் ஏறத்தாழ 200 மில்லிகிராம் இருக்கும். அன்றைய உணவில் அதற்கு இடமுண்டா என்று உங்கள் உணவியலாளரைக் கேட்டபின் உண்ணுங்கள். அவர்கள் "குறைந்த சோடிய உப்பு" என்று விற்கப்படுவதை இதில் சேர்க்கவே கூடாது. அவற்றுட் பலவற்றில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு இருக்கிறது. புற்றுநோய் மருந்துகளால் வாய்ப்புண் உள்ளவர்களுக்கும் நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கும் வினிகரும் மிளகாயும் வேதனை தரும். புண் ஆறும்வரை காத்திருக்கலாம். உணவுக்கு முன் இன்சுலின் போடுபவர்கள், இதுவரை இனிப்புச் சாஸைத் தாராளமாக உண்டு அதையொட்டியே மருந்தளவு அமைந்திருந்தால், இந்த மாற்றத்தை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடவேண்டும். இல்லையேல் சர்க்கரை அளவு தாழ்ந்துபோக வாய்ப்புண்டு.

புகைமணத்துக்காகச் சிலர் கனன்ற கரித்துண்டை ஒரு சிறு கிண்ணத்தில் இட்டு, எண்ணெய் சொட்டி, பாத்திரத்தை மூடிவைப்பார்கள். மணம் அருமையாகத்தான் வரும். ஆனால் வீட்டில் எவரேனும் ஆக்சிஜன் சிலிண்டரோ கான்சென்ட்ரேட்டரோ பயன்படுத்தினால் அவர் இருக்கும் பக்கம் கரியும் தீயும் வரவே கூடாது. ஆஸ்துமாவோ நாட்பட்ட நுரையீரல் நோயோ உள்ளவர் இருக்கும் வீட்டிலும் இது வேண்டாம். சுட்ட தக்காளியின் மணமே போதும்.

சுடும்போதும் ஒரு நன்மை இருக்கிறது. சர்க்கரை மிகுந்த சாஸ் தீ பட்டவுடன் கருகும். இது அவ்வளவு விரைவில் கருகாது. ஆயினும் இறைச்சியோ பன்னீரோ காளானோ, முக்கால்வாசி வெந்தபின் கடைசிப் பத்து நிமிடத்தில் தடவுவதே முறை. கருகிய பகுதிகளை வெட்டி நீக்கிவிடுங்கள். மிகு வெப்பத்தில் இறைச்சி கருகும்போது உடலுக்கு ஒவ்வாத வேதிப்பொருள்கள் உண்டாகின்றன. பச்சை இறைச்சியில் தோய்த்த தூரிகை பட்ட சாஸை மேசைக்குக் கொண்டுவராதீர்கள். முதலிலேயே தனிக்கிண்ணத்தில் எடுத்துவைத்துவிடுவது நல்லது. எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் உள்ள வீட்டில் இதில் சலுகையே கூடாது.

சர்க்கரை செய்யும் மூன்றாவது வேலையை, அதாவது கெடாமல் காப்பதை, இங்கே குளிர்சாதனப் பெட்டியிடம் ஒப்படைக்கவேண்டும். வெந்நீரில் கழுவி உலர்த்திய கண்ணாடிப் புட்டியில் இட்டுக் குளிரில் வைத்தால் ஒரு வாரம் வரும். வெளியில் வைக்கக்கூடாது. மீதியைப் பனிக்கட்டித் தட்டின் குழிகளில் குழிக்கு ஒரு மேசைக்கரண்டியாக ஊற்றி உறையவைத்து, உறைந்தபின் பையில் மாற்றித் தேதியை எழுதிவையுங்கள். இரண்டு கட்டி எடுத்தால் ஒருவர் பங்கு; அளவுக்கரண்டியைத் தேடவேண்டியதில்லை.