கடைக்கு ஓடும் பிள்ளையும் கம்பனியின் கணக்கும்



தரம் ஆறில் ஒரு நாள் சுகாதாரப் பாடம். "கடையில் சிகரெட் வாங்கியவர்கள் யார்?" என்று கேட்டோம். ஒரு கையும் உயரவில்லை. "அப்பாவுக்கு, மாமாவுக்கு வாங்கிக் கொடுத்தவர்கள்?" என்று மாற்றிக் கேட்டதும் பாதி வகுப்புக்கு மேல் கை தூக்கியது. "மிச்சக் காசுக்கு டொபி வாங்கிக்கச் சொல்லுவாங்க சேர்" என்றான் ஒரு பையன். பிள்ளைகள் சிரித்தார்கள். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. பதினொரு வயதில் அந்தப் பிள்ளைக்குச் சிகரெட்டின் பெயர் தெரியும், விலை தெரியும், கடைக்காரர் அதை எந்த டப்பாவில் வைத்திருக்கிறார் என்பதும் தெரியும்.

சட்டம் என்ன சொல்கிறது? 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின்படி, 21 வயதுக்குக் குறைந்த எவருக்கும் சிகரெட்டோ வேறு புகையிலைப் பொருளோ விற்பது தண்டனைக்குரிய குற்றம். பதினெட்டு அல்ல, இருபத்தொன்று. அப்பாவுக்காக வாங்க வந்த பிள்ளை என்றாலும் கடையில் காசு கொடுத்து வாங்குவது பிள்ளைதான். விற்றவர் சட்டத்தை மீறுகிறார். அனுப்பி வைத்த நாமும் அதற்குத் துணை போகிறோம்.

இவ்வளவையும் சொல்லி, "ஆகவே பெற்றோரே, கடைக்காரரே, திருந்துங்கள்" என்று முடித்தால் கம்பனிக்குத்தான் சந்தோசம். அது ஏன் என்பதை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும்.

சிறுவருக்கு விற்கக்கூடாது என்ற சட்டத்தைச் சிகரெட் கம்பனிகள் பகிரங்கமாக எதிர்ப்பதில்லை. "எங்களுக்கும் சிறுவர் புகைப்பது பிடிக்காது, இது பெரியவர்களின் விருப்பம்" என்றுதான் சொல்கின்றன. 1990களில் அமெரிக்கக் கம்பனிகளின் அமைப்பு, வயது குறைந்தவருக்கு விற்பனை இல்லை என்ற அறிவிப்புகளைத் தானே அச்சடித்துக் கடை கடையாகக் கொடுத்தது. பின்னர் வழக்குகளின் மூலம் கம்பனிகளின் உள் ஆவணங்கள் இலட்சக்கணக்கில் வெளியே வந்தன. அதைவிடக் கடுமையான சட்டங்கள் வராமல் தடுப்பதும் அந்த வேலையின் நோக்கம் என்பது அவற்றில் தெரிந்தது. இன்றைய பதின்ம வயதுப் பிள்ளைதான் நாளைய வழக்கமான வாடிக்கையாளர் என்ற கருத்தை, பிலிப் மொரிஸ் கம்பனியின் ஆய்வுப் பகுதி 1981இலேயே எழுதி வைத்திருந்தது.

"இது பெரியவர்களுக்கு மட்டும்" என்ற பேச்சு பிள்ளையின் காதில் எப்படி விழுகிறது என்று ஆசிரியர்களைக் கேளுங்கள். எப்போது பெரிய மனுசன் ஆவோம் என்று காத்திருக்கும் பதினாலு வயதுப் பையனுக்கு அது தடையாகத் தெரிவதில்லை. அழைப்பாகத்தான் தெரிகிறது.

கம்பனி உண்மையில் எதற்குப் பயப்படுகிறது என்பதை நம் நாட்டு வரலாறே காட்டும். சிகரெட் பெட்டியில் 80 சதவீத இடத்தில் எச்சரிக்கைப் படம் போட வேண்டும் என்று 2012இல் சுகாதார அமைச்சு விதி கொண்டு வந்தது. சிலோன் டொபாக்கோ கம்பனி நீதிமன்றம் போனது. 2014இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை 50 முதல் 60 சதவீதம் வரை என்று குறைத்தது. பிறகு 2015இல் பாராளுமன்றம் சட்டத்தையே திருத்தி 80 சதவீதத்தைக் கொண்டு வந்தது. ஒரு படத்துக்காக இத்தனை ஆண்டு இழுபறி! அந்தக் கம்பனியின் பங்குகளில் 80 சதவீதத்துக்கு மேல் பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோ என்ற பன்னாட்டுக் கம்பனியின் கையில் இருக்கிறது.

இந்தக் கதை நமக்குப் புதிதல்ல. 2021இல் 1,000 ரூபாய் நாட்சம்பளம் வர்த்தமானியில் வந்தபோது தோட்டக் கம்பனிகளும் நீதிமன்றத்துக்குத்தான் ஓடின. காசுள்ளவனுக்கு வக்கீல் இருக்கிறார், அமைச்சரைச் சந்திக்க நேரம் கிடைக்கிறது. நமக்கு இருப்பது சங்கம்.

வரியைக் கூட்டலாம் என்று பேச்சு வந்தால், "கள்ளச் சிகரெட் பெருகும், பீடி பெருகும், அரசாங்கத்துக்கு வருமானம் குறையும்" என்று கம்பனிப் பக்கத்தார் சொல்கிறார்கள். சிகரெட்டை ஒன்று ஒன்றாக விற்பதைத் தடுக்க வேண்டும் என்ற யோசனை பல ஆண்டுகளாகப் பேசப்பட்டு வருகிறது. பிள்ளைகளைப் பொறுத்தவரை இதுதான் முக்கியம். முழுப் பெட்டி வாங்கப் பையனிடம் காசு ஏது? ஒன்று வாங்கத்தான் இருக்கும். அந்த ஒன்றில் எச்சரிக்கைப் படமும் இல்லை. நீதிமன்றம் வரை போய் வென்ற 80 சதவீதம் கடைக்காரரின் டப்பாவுக்குள்ளேயே நின்றுவிடுகிறது.

2003இலேயே இலங்கை உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது. புகையிலைக் கொள்கை வகுப்பதில் கம்பனிகளின் நலன் தலையிடாமல் பாதுகாக்க வேண்டும் என்பது அதன் 5.3ஆம் உறுப்புரை. கையெழுத்திட்ட அரசாங்கத்திடம் அதைக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

நம் பக்கத்திலும் பேச வேண்டியது இருக்கிறது. லயத்துக் கடை வைத்திருக்கும் அக்கா நம்மவர். மாதக் கடைசியில் அரிசியும் மாவும் கடனுக்குக் கொடுத்து நம் அடுப்பை எரிய வைப்பவர். அவரைப் பொலிசில் பிடித்துக் கொடுக்கச் சொல்லி நாங்கள் எழுதவில்லை. முதலில் உட்கார்ந்து பேசுவோம். நாட்டின் சில ஊர்களில் வியாபாரிகள் தாமாகவே சிகரெட் விற்பனையை நிறுத்தியிருக்கிறார்கள். நம் தோட்டங்களில் முடியாது என்று ஏன் நினைக்க வேண்டும்?

எங்கள் யோசனை இதுதான். ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் தலைவர், மாதர் தலைவி, கடைக்காரர், ஆசிரியர் எல்லோரையும் கூட்டி, பாடசாலைப் பிள்ளையின் கையில் சிகரெட் கொடுப்பதில்லை என்று முடிவெடுக்கட்டும். சொல்லியும் கேட்காத கடையைப் பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கமிட்டியே முறைப்பாடு செய்யட்டும். வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் ரோடு, வீடு, சம்பளத்தோடு இன்னொன்றும் கேட்போம்: தனிச் சிகரெட் விற்பனையை நிறுத்த, வரியை ஒழுங்காகக் கூட்ட நீங்கள் கை தூக்குவீர்களா?

புகைக்கும் தோழர்களை நாங்கள் குறை சொல்லவில்லை. குளிரிலும் மழையிலும் மலையில் நிற்கும் உடம்பின் அலுப்பு எங்களுக்குத் தெரியும். விட வேண்டும் என்று நினைத்தால் 1948 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசி எடுத்து ஆலோசனை கேட்கலாம். நம் குடியுரிமை பறிபோன ஆண்டு அது, நமக்கு மறக்காது. இப்போதைக்கு விட முடியாவிட்டால் ஒன்று மட்டும் செய்யுங்கள். உங்கள் சிகரெட்டை நீங்களே போய் வாங்குங்கள். பிள்ளையை அனுப்பாதீர்கள்.